பெயர்ப் பட்டியலைக் காணோம்

இந்த வாரம் பஸ் புலம்பல் இல்லை. விலைவாசிப் பெருமூச்சும் இல்லை. வெறும் கோபம்தான் – பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கொழும்புக் கம்பனி ஒன்று பதுளையில் மண்டபம் எடுத்து, வாசிகசாலைகளுக்கான புது மென்பொருளை அறிமுகம் செய்தது. பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் எனக்கும் அழைப்பு. ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்புத்தளையில் தேவாலயம் நடத்தும் சின்ன வாசிகசாலையைப் பார்த்துக்கொள்பவள் அவள். நான் புத்தகம் எடுப்பது அவளிடம்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், தானாகவே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள்.

மேடையில் மனேஜர் முழங்கினார். "தமிழ்ப் புத்தகங்களை அகர வரிசையில சரியா அடுக்கித் தரும். ஒவ்வொரு வரியும் எங்க சொந்தத் தயாரிப்பு!"

கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

திரையில் புத்தகப் பட்டியல் ஓடியது. அகரத்தில் தொடங்கி ஹகரம் வரை வந்து முடிந்தது... இல்லை, முடியவில்லை. அதற்கும் கீழே, ‘ஔடதச் செடிகள்’ என்ற தலைப்பு மட்டும் தனியாக நின்றது.

ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள். "அக்கா, அது நான் விட்ட பிழை."

"என்னடி சொல்ற?"

கிசுகிசுப்பாகச் சொன்னாள். ஒரு நிரல் மொழியில் எழுதியதை ஓட வைக்க, அடியில் எஞ்சின் மாதிரி ஒன்று வேண்டுமாம். ‘ரன்டைம்’ என்று பெயர். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். தன் வாசிகசாலைப் பட்டியலுக்கு அதைப் பயன்படுத்தியபோது தமிழ் வரிசை தாறுமாறாக வந்தது. அவளே உட்கார்ந்து திருத்தி அனுப்பினாள், அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த முதல் திருத்தத்தில் ‘ஔ’ மட்டும் கடைசிக்குப் போய்விட்டது. அடுத்த பதிப்பில் அதையும் சரிசெய்துவிட்டாள். கம்பனி வைத்திருப்பது பழைய பதிப்பு!

எடுத்தது தப்பா? இல்லவே இல்லை. அந்த ரன்டைமோடு வரும் உரிமத்தின்படி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், தங்கள் மென்பொருளுக்குள் வைத்து விற்கவும் செய்யலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று – எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலோடு உரிமக் கோப்பையும் கூடவே வைக்க வேண்டும். அதைக்கூடச் செய்ய மனம் வராதா?

கேள்வி நேரத்தில் ஜெசிந்தா எழுந்தாள். "நல்லா இருக்குங்க சேர். இதுக்குள்ள இருக்கிற ரன்டைமோட உரிமக் கோப்பு எங்கன்னு காட்ட முடியுங்களா?"

"அப்படி ஒண்ணும் இல்ல மிஸ். எல்லாம் நாங்க எழுதினது."

"அந்த அகர வரிசை நான் எழுதினது சேர். ‘ஔ’ கடைசியில வர்ற பிழையும் என்னோடதுதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மனேஜரின் முகம் சிவந்தது. "எங்க மென்பொருள உடைச்சுப் பாத்தீங்களா? அது குற்றம், தெரியுமா?"

அதோடு விட்டார்களா? நான்கே நாளில் தேவாலயத்துக்குக் கடிதம் வந்தது. ‘தங்கள் ஊழியர் எங்கள் நிரலைத் திருடியுள்ளார். எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால் வழக்கு.’ திருட்டு! அவள் எழுதியதை அவளே திருடினாளாம்!

ஃபாதர் பயந்துபோனார். "ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துடும்மா. விசயம் முடியிற வரைக்கும் வீட்டுல இரு."

"செய்யாத தப்புக்கு எப்படிங்க ஃபாதர் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வாசிகசாலை பூட்டிக் கிடந்தது. எனக்குக் கொதித்தது. கம்பனியின் பெயரைப் போட்டு இந்தப் பத்தியிலேயே கிழிக்கிறேன் என்றேன். ஜெசிந்தா தடுத்தாள். "வேணாங்க அக்கா. மொதல்ல முறையா கேப்போம்." தைரியசாலி ஒன்றுமில்லை அவள். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

மண்டபத்தில் எல்லோருக்கும் கொடுத்த மாதிரிப் பதிப்பைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தாள். எதையும் உடைக்கத் தேவையே இருக்கவில்லை. ரன்டைம் தன் சொந்தப் பெயரோடு அங்கேயே இருந்தது. உரிமக் கோப்பை மட்டும் காணோம்! படம் பிடித்து அந்தத் தன்னார்வலர்களுக்கு அனுப்பினாள். அந்த அகர வரிசை ஜெசிந்தா எழுதியதுதான், நிபந்தனையை மீறியது நீங்கள்தான் என்று அவர்கள் கம்பனிக்கே நேரடியாக எழுதினார்கள்.

அடுத்த வாரம் கம்பனி வெளியிட்ட பதிப்பில் உரிமக் கோப்பு சத்தமில்லாமல் முளைத்திருந்தது. நீண்ட பட்டியலின் நடுவில் அவள் பெயர். தேவாலயத்துக்கும் ஒரு வரி வந்தது – ‘சிறு தவறான புரிதல்.’ திருடி என்று எழுதியது சிறு தவறான புரிதலாம்!

ஃபாதர் அவள் வீட்டுக்கே போய், "நான் பயந்துட்டேம்மா, மன்னிச்சுக்க" என்று சாவியைத் திரும்பக் கொடுத்தார். மனிதர். கம்பனியிடமிருந்து அவளுக்கு ஒரு சொல்கூட வரவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை நான் வாசிகசாலையில் இருந்தபோது அவளுக்கு ஒரு போன். அதே மனேஜர்!

"மிஸ், ‘ஸ்ரீ’ன்னு தொடங்குற தலைப்புகளும் குழப்பமா வருது. கொஞ்சம் பாத்துத் தர முடியுமா?"

போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது எனக்கு. ஜெசிந்தா அமைதியாகச் சொன்னாள்: "அத ஏற்கெனவே திருத்தி அனுப்பிட்டேன் சேர். அடுத்த பதிப்புல எல்லாருக்கும் வரும், நீங்களும் இறக்கிக்கலாம்."

"ஓகே" என்றார். வைத்துவிட்டார். ஒரு நன்றி? ஒரு மன்னிப்பு? ம்ஹூம்.

"இவனுங்களுக்குப் போய் ஏண்டி?" என்றேன்.

"நம்ம வாசிகசாலையிலயும் அதே ரன்டைம்தானே அக்கா ஓடுது?"

நியாயம்தான். ஆனாலும்... எனக்கு இன்னும் ஆறவில்லை.