விட்டுப்போன ஒரு வரி

பால் சங்க அலுவலகத்தில் ஒரு பெண்ணின் இருக்கை பறிபோனது என் தவறால். அது தெரிந்தும் ஆறு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தேன்.

கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பின், கேரளத்தில் தமிழர் நிறைந்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் சங்கத்தின் நான்கு கணினிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் காலையில் வந்ததும், "டீ குடிச்சாச்சுங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டுக் காப்பீட்டுத் தளத்தைத் திறப்பார். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களிடம் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் கேட்பார்.

"கன்னு போட்டு எத்தன மாசமாச்சுங்க?"

"அவளையே கேளுங்க அம்மிணி, வாசல்லதான் கட்டியிருக்குது."

அதைக் கேட்டு அவர் சிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாக் கணினிகளும் ப்ராக்ஸி சர்வர் என்னும் ஓர் இடைக்கணினி வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். ஒரு பக்கத்தைக் கேட்கும்போது பிரவுசர் தன்னைப் பற்றிச் சில வரிகளையும் சேர்த்து அனுப்பும், ஹெடர் என்பார்கள். எங்கள் விவரம் வெளியே போக வேண்டாமென்று, தேவையான ஹெடர்களை மட்டும் அனுமதித்து மற்றவற்றைத் தடுத்தேன். எந்த மொழியில் பக்கம் வேண்டும் என்று சொல்லும் வரி என் பட்டியலில் இல்லை. ஆங்கிலத்திலேயே படித்துப் பழகிய எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை.

மறுநாள் தளம் மலையாளத்தில் வந்தது; மொழி சொல்லாதவர்களுக்கு அது அப்படித்தான் திறக்கும். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது.

"எழுத்து மாறிப்போச்சுங்க சார். நான் எதையும் தொடலீங்க."

"எதையாவது அமுக்கியிருப்பீங்க அம்மிணி," என்றேன்.

கட்டங்கள் இருந்த இடத்தை நினைவில் வைத்து நிரப்பினார். உயிரோடு இருந்த இரண்டு பசுக்கள் செத்ததாகப் பதிவாயின. செயலாளர் அவரைப் பால் சோதிக்கும் மேசைக்கு மாற்றினார். அதன் பிறகுதான் என் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். விட்டுப்போன வரியை யாருக்கும் சொல்லாமல் சேர்த்தேன். அவர் இடத்துக்கு வந்தவருக்குத் தளம் தமிழிலேயே திறந்தது. கெட்டிக்காரர் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் எல்லாவற்றையும் எழுதி நிர்வாகக் குழுவிடம் கொடுத்தேன். கூட்டத்தில் வாசித்தார்கள். அந்தப் பெண்ணைப் பழைய இருக்கைக்கே வரச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார்.

"அந்தக் கடுதாசியில ஒரு காப்பி குடுங்க சார். நான் தொட்டா தமிழும் மலையாளமாயிரும்னு ஊட்டுக்காரர் இன்னும் சொல்லிட்டிருக்கறாரு."

கொடுத்தேன். வீட்டில் கிண்டல் நின்றுவிட்டதாம்.

இப்போதும் காலையில் அவர் மேசையைக் கடந்துதான் உள்ளே போகிறேன். வணக்கம் சொல்கிறார். டீ குடித்தேனா என்று கேட்பதில்லை.