பதினெட்டு மஞ்சள் தொப்பிகள்

எல்லையோரக் கிராமமான எருத்தேன்பதியில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது அதற்கு எழுதிப் போட்டது பிரதீபாதான். கொழிஞ்சாம்பாறையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலைக்குச் சேர்ந்தவள். தமிழும் மலையாளமும் நன்றாகப் பேசுவாள், ஆங்கிலமும் தடுமாறாமல் வரும். அதனால் ஆட்களைக் கூட்டிப் போகிற வேலையும் அவளிடமே வந்தது. முதலில் மூணாறு, மாட்டுப்பட்டி அணையில் படகுச் சவாரி, சாயங்காலம் ஊர் திரும்புதல். கொரோனா ஓய்ந்த பிறகு நான்கு நாள், ஐந்து நாள் என்று பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர், ஹனோய். தென்னந்தோப்புக்காரர்களும் கடலை வெள்ளாமை செய்கிறவர்களும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற தம்பதிகளும் அவளை நம்பிக் கிளம்பினார்கள்.

"பிரதீபா கூட வருதுல்ல, அப்புறமென்ன பயம்?" என்பார்கள்.

குப்பண்ணனும் அப்படித்தான் கிளம்பினார். அறுபத்துநாலு வயது. அதுவரை பழனியைத் தாண்டிப் போனதில்லை. அவர் மனைவி நாச்சம்மாளுக்கும் சேர்த்துத்தான் பிரதீபா டிக்கெட் போடப் பார்த்தாள். "கறவ மாடு மூணு நிக்குது அம்மிணி, அதுக்கு யாரு பதில் சொல்றது? அவரு போயிட்டு வரட்டும்" என்று நாச்சம்மாள் சிரித்துவிட்டாள்.

அது 2023 ஜனவரி. வியட்நாமின் வடக்கே, ஹனோயிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி ஒரு மலையடிவாரக் கிராமம். பிரதீபா கூட்டிப் போனது பதினெட்டுப் பேரை. கூட்டத்தில் அடையாளம் தெரிய ஆபீசில் எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் மரக்கால்களின் மேல் நிற்கிற வீடுகள், படிப்படியாக இறங்குகிற நெல்வயல்கள், ஓடையில் தானாகச் சுற்றுகிற பெரிய மூங்கில் சக்கரங்கள். ஓடைத் தண்ணீர் தள்ள, சக்கரம் சுற்றி, மூங்கில் குழாய்களில் தண்ணீரை மொண்டு மேல்வயலுக்கு ஊற்றும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் காற்று மட்டும் வந்த மண்ணிலிருந்து போனவர் குப்பண்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சக்கரத்தின் முன்னாலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க பெரியப்பா, எல்லாரும் அங்க போட்டோ எடுக்கறாங்க, வாங்க" என்று பிரதீபா கூப்பிட்டாள்.

"நீ போ கண்ணு. இது எப்பிடித் தண்ணியக் கொட்டுதுன்னு பாத்துட்டு வாரேன்."

அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பஸ் கிளம்பும்போது பிரதீபா முன்னால் நின்று எண்ணினாள். உயரமான சீட்டுகள், தெரிந்தவை தொப்பிகள் மட்டும். பதினெட்டு. "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருக்கறமுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பஸ் புறப்பட்டது. ஒன்றேகால் மணி நேரம் கழித்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு தட்டு மிச்சமானபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளூர் வழிகாட்டிப் பெண் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். யாரோ விளையாட்டுக்கு உதிரித் தொப்பி ஒன்றை அவள் தலையில் வைத்திருந்தார்கள்.

திரும்பிப் போனபோது சாலையோரத்து வீடொன்றின் முன்னால், மூங்கில் கட்டிலில் குப்பண்ணனைக் கிடத்திப் போர்த்தியிருந்தார்கள். மாரடைப்பு. உடம்பு ஊர் வந்து சேர ஆறு நாளாயிற்று.

போலீஸ்காரர் கேட்டார், தூதரகத்திலிருந்து கேட்டார்கள், ஆபீஸ் முதலாளி கேட்டார். பிரதீபா எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள்: "நான் எண்ணினப்ப அவர் உள்ளதான் இருந்தார். அப்புறம் யார்கிட்டயும் சொல்லாம இறங்கிட்டார்." முதல் தடவை, எழுதுகிறவரின் பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாலாவது தடவை அது நடந்ததைப் போலவே இருந்தது. கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். ஊரில் அதுவே நிலைத்துவிட்டது. "அந்த மனுசன் யார் பேச்சக் கேட்டாரு? சொல்லாம இறங்குனா பஸ்சு என்ன பண்ணும்?" என்று சாவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். நாச்சம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மாதம் பிரதீபா வேலைக்குப் போகவில்லை. பிறகு போனாள். சிங்கப்பூருக்கு இருபது பேர். விமான நிலையத்தில் எண்ணினாள், இருபத்தொன்று. மறுபடி எண்ணினால் இருபது. யாரையோ இரண்டு முறை எண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். மறுநாள் மெட்ரோ ரயில் ஏறும்போது மறுபடியும் இருபத்தொன்று. கண்ணாடிக் கதவு மூடுகிற நேரத்தில், வெளியே பிளாட்பாரத்தில், மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே ஈரமான இரண்டு கால்களைப் பார்த்தாள். அடுத்த ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கி நிறுத்தி எண்ணினாள். அவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அதன்பின் அது எல்லா ஊருக்கும் வந்தது. கோலாலம்பூரில் எண்பதாவது மாடிக்குப் போகிற லிப்டில் வந்தது. தாய்லாந்தில் மீனவக் கிராமமொன்றின் மரப்பாலத்தில் வந்தது. ஒவ்வொரு முறையும் முதல் எண்ணிக்கையில் ஒருவர் கூடுதல், இரண்டாவதில் சரி. மஞ்சள் தொப்பியை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினார்கள். அப்படியும் கூட்டத்தின் ஓரத்தில், கண் விலகுகிற நொடியில், ஒரு மஞ்சள் தெரிந்தது. வீட்டில் கணவனிடம் சொல்ல வாயெடுப்பாள். என்னவென்று சொல்வது? பேய் வருகிறது என்றால் ஏன் உன்னிடம் வருகிறது என்று கேட்பான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024 நவம்பரில், நாச்சம்மாள் ஆபீசுக்கு வந்தாள். மாடுகளை விற்கவில்லை, தங்கச்சி வீட்டில் ஐந்து நாளைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தாள்.

"அவரு போன ஊருக்கு நானும் ஒருக்காப் போவோணும். அம்மிணி நீதான் கூட்டிட்டுப் போவோணும்."

"பெரியம்மா, அங்க குளிரு. உங்களுக்குக் கால் வேற..."

"கால் கெடக்குது. நீ வருவியா மாட்டியா?"

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் பிரதீபாவுக்குக் கிடைக்கவில்லை.

இந்த முறை கூட்டம் சிறியது, ஒன்பது பேர். ஹனோயில் நாச்சம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். பத்துத் திசையிலிருந்தும் வருகிற ஸ்கூட்டர்களுக்கு நடுவில் பயப்படாமல் சாலையைக் கடந்தாள். கண்ணாடிக் கட்டிடத்தின் உச்சியில் நின்று, "இத்தனை ஊடும் நெம்பிச் சனம் இருக்குமா?" என்று கேட்டாள். பிரதீபாவுக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. அன்றைக்கு அவள் எண்ணியபோது பத்து வந்தது.

கிராமத்துக்குப் போனதும், மற்றவர்களைப் புது வழிகாட்டி வயல் பக்கம் கூட்டிப் போனார். நாச்சம்மாள் பிரதீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரக் கெடத்தியிருந்த ஊடு எது?" என்றாள். பிரதீபா காட்டினாள். அந்த வீட்டுக்காரி அறுபது வயதுக்காரி, கறுப்புச் சட்டை போட்டவள். வழிகாட்டி திரும்பி வந்து, பேச்சை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார். பிரதீபா அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்காரிக்கு எல்லாம் நினைவிருந்தது. அந்த மனிதர் சக்கரத்தடியில் வெகுநேரம் நின்றார். பஸ் உறுமியதும் வரப்பில் ஓடி வந்தார். கால் முழுக்கச் சேறு. அவர் சாலையேறும்போது பஸ் வளைவில் திரும்பிவிட்டது. கையைத் தூக்கினார்.

பிரதீபா தமிழில் சொல்வதை அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் நாச்சம்மாள்.

"பஸ்ஸப் பாத்துக் கையத் தூக்கினாராமுங்க."

"நெறுத்தச் சொல்லியா, போவச் சொல்லியா?"

வழிகாட்டி கேட்டார். வீட்டுக்காரி யோசித்துவிட்டு, தன் வலது கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினாள். அது இரண்டும்தான். அல்லது இரண்டுமில்லை.

அப்புறம் அவர் இங்கே வந்து உட்கார்ந்தார், தேநீர் கொடுத்தேன் என்றாள். மொழி தெரியாது. கடிகாரத்தைக் காட்டி, சாலையைக் காட்டி, சிரித்தார். வந்துவிடுவார்கள் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சைப் பிடித்தார்.

பிரதீபா ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

நாச்சம்மாள் மூங்கில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அவரு பஸ்சுல ஏறவே இல்லையா அம்மிணி?"

"இல்லீங்க."

"ஏறி எறங்கிட்டாருன்னு சொன்னியே."

"நான் தொப்பிய எண்ணிட்டேன் பெரியம்மா. ஆள எண்ணல. கைடு தலையில ஒரு தொப்பி இருந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

நாச்சம்மாள் அடிக்கவில்லை, அழவும் இல்லை. வீட்டுக்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தனியாக நடந்துபோய் சக்கரத்தின் முன்னால் நின்றாள். பிரதீபா பத்தடி தள்ளி நின்றாள். தண்ணீர் ஏறி ஏறி ஊற்றிக்கொண்டிருந்தது. திரும்பும் வழி முழுக்க, பஸ்சிலும் விமானத்திலும், நாச்சம்மாள் அவளிடம் பேசவில்லை. கொச்சியில் பெட்டிக்காக நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என்ற காதுல மட்டும் சொன்னாப் போதாது. அவரக் கொற பேசுன சனம் முச்சூடும் கேக்கோணும்."

எருத்தேன்பதியில் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போக வேண்டும். பிரதீபா அடுத்த திங்கட்கிழமை போனாள். பால் ஊற்ற வரிசையில் நின்றவர்களில் ஐந்தாறு பேர் அந்தப் பயணத்தில் வந்தவர்கள். நாச்சம்மாள் பால் கொண்டுவந்த தூக்குப் போசியுடன் வரிசையில் நின்றாள். பிரதீபா சொன்னாள். இரண்டே நிமிஷம். தொப்பி, எண்ணிக்கை, பொய், அவ்வளவுதான்.

பால் அளப்பவன் கை நின்றது. அப்போது சந்துரு வரிசையை விட்டு வெளியே வந்தான். அந்தப் பயணத்தில் குப்பண்ணனுக்குப் பக்கத்து சீட்டுக்காரன், பக்கத்துத் தோட்டத்துக்காரனும்கூட.

"எம்பக்கத்து சீட்டு மொதல்லருந்தே காலியாத்தானுங்க இருந்துச்சு" என்றான். "பின்னால போயி உக்காந்திருப்பாருன்னு இருந்துட்டேன். எல்லாரும் இருக்கறமான்னு கேட்டப்ப, இருக்கறமுங்கன்னு சொன்னது நானு. அப்பறம் அவரு எறங்குனதப் பாத்தேன்னு போலீஸ்லயும் சொன்னேன். ஏன் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலீங்க."

இன்னொருவர் தரையைப் பார்த்தார். பயணத்தில் வந்த ஒரு பெண், தானும் பார்த்ததாகத்தான் சொன்னேன் என்று முணுமுணுத்தாள்.

நாச்சம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு தன் முறை வந்ததும் போசியை நீட்டி, பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பிரதீபாவை ஆபீசில் வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது அவள் மலைப்பக்கம் அகளி என்ற ஊரில் ஒரு அரசு அலுவலகத்துக்கு எதிரில் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிறாள்; அங்கே யாரையும் எண்ண வேண்டியதில்லை. சந்துரு வாரத்துக்கு ஒருநாள் நாச்சம்மாளின் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொடுக்கிறான். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. அவன் வரும்போது வீட்டுக்குள் போய்விடுகிறாள்.