கத்தி படாத பிரசவமும் என் பேத்தியின் கால் எலும்பும்

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஸ்ரீவைகுண்டத்தில் தலையில் வாழைத்தார் சுமந்து பிழைப்பைத் தொடங்கினேன். இன்று அதே ஊரில் வாழைக்காய் மண்டி என்னுடையது. இரண்டு லாரி, மாடி வீடு, ஆற்றுப் பாசனத்தில் தோட்டம். நம் சபைக் கோயிலின் சுற்றுச்சுவரும் நான் கட்டியதுதான். வெள்ளத்தில் தெருவே முங்கியபோதும் அது சாயவில்லை. மனைவி இல்லாமல் மகனைத் தனி ஆளாக வளர்த்து, மஸ்கட்டுக்கு வேலைக்கு அனுப்பினேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை. ஆண்டவரும் நானும்தான்.

இவ்வளவையும் நிற்க வைத்தவன் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையின் கால் நிற்கவில்லை.

போன வருடம் ஆகஸ்ட் மாதம். பேத்தி எஸ்தருக்குப் பதின்மூன்று வயது. குளியலறைப் படியில் சறுக்கினாள். அரை அடி உயரம்கூட இராது. இடது தொடை எலும்பு முறிந்தது. முந்தின வருடம் இதே மாதிரி கை. எனக்குக் கோபம் வந்தது.

"ஏட்டி, பனங்கிழங்குகூட உன்னைவிடக் கெட்டியா இருக்கும்லா" என்றேன்.

வலியில் கிடந்தவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். இரண்டாம் நாள் டாக்டரம்மா வந்தார். "எலும்புல சத்தே இல்லை அண்ணாச்சி. காரணம் தெரியாம விட்டா மறுபடியும் உடையும். அப்புறம் பிள்ளை காலம்பூரா கம்பு ஊணித்தான் நடக்கணும்" என்றார். பிறகு என் மருமகள் ரூபியிடம் கேட்டார். மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாய், பிள்ளை பிறந்தபோது என்ன எடை, எத்தனை மாதம் தாய்ப்பால்?

ரூபி என் முகத்தைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்ல என்னம்மா குறை? பாலும் பழமும் கொட்டிக் கிடக்கு. இது ரூபியோட அப்பன் வீட்டு எலும்பு. அங்கன எல்லாம் நோஞ்சான் வர்க்கம்."

"அப்படின்னா பரம்பரை நோயான்னு பாக்கணும். வெளியூருக்கு எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில், ஆட்கள் போகவர, முழங்காலிட்டேன். ஆண்டவரே, இந்தப் பிள்ளையை நடக்க வையும். இந்தக் கேட்டை என் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று இப்போதே காட்டும். அழுது கேட்டேன். மனதில் ரூபியைத்தான் வைத்திருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. டாக்டரம்மா சீட்டோடு திரும்பி வந்தபோது ரூபி எழுந்து நின்றாள். என் முன்னால் ஒருநாளும் குரல் எழுப்பாதவள்.

"டாக்டரம்மா, இவ வயித்துல இருக்கையில எனக்கு ஒரு வேளைச் சோறுதான். பிள்ளை பெருத்தா கத்தி வைக்கணும்னு மாமா சொல்லிட்டாவ. பாலு, முட்டை, மீனு ஒண்ணும் கிடையாது. தார் தாரா பழம் கிடந்த வீட்ல, மாட்டுக்குப் போட்ட பழத்தோலை எடுத்துத் தின்னேன். ரெண்டு கிலோகூட இல்லாமப் பொறந்தா. மூணு மாசத்துல பாலை மறக்கடிக்கச் சொல்லி என்னை மண்டிக்கு அனுப்புனாவ. கறுத்துப்போவான்னு இவளை வெயில்ல விடல. இன்னைக்கும் விடல."

அத்தனையும் உண்மை. என் மகன் பிறந்ததுதான் என் மனைவிக்கு முதல் பிரசவம். பிள்ளை நாலு கிலோ. கத்தி வைத்தார்கள். மகன் வீட்டுக்கு வந்தான், அவள் வரவில்லை. இனி என் வீட்டில் கத்தி கூடாது என்று உறுதி எடுத்தேன். எஸ்தர் கத்தி படாமல் பிறந்தாள் என்று இதே சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். அல்லேலூயா என்று கை தட்டினீர்கள். உங்களில் சிலர் என்னிடம் யோசனை கேட்டு, உங்கள் மருமகள்களுக்கும் சோற்றைக் குறைத்தீர்கள். மறந்துவிட வேண்டாம்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இவங்க சொல்லுறது நெசமா?"

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரூபி உட்கார்ந்துவிடுவாள். வாய் வரைக்கும் வந்தது. கட்டிலில் கிடந்த எஸ்தர் என்னையே பார்த்தாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தலை குனிந்து நின்றேன். நான் கேட்டபடியே ஆண்டவர் ஆளைக் காட்டிவிட்டார்.

"இது மட்டுந்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா வயித்துலயும் கைப்பிள்ளையிலயும் கிடைக்காத சத்து, வளர்ந்த பொறவு எலும்புல தெரியும். இது எலும்பு கெட்டிப்படுற வயசு. இன்னும் காலம் போகல" என்றார். ரத்தம் சோதித்து மருந்து எழுதினார். பால், முட்டை, கேழ்வரகு, முள்ளோடு தின்கிற சின்ன மீன், வெயில்.

நான் பூட்டி வைத்திருந்த பிரிட்ஜின் சாவியை ரூபி கையில் கொடுத்தேன். ஜனவரியில் எஸ்தர் கம்பு இல்லாமல் நடந்தாள். ஸ்தோத்திரம்! பள்ளி இல்லாத நாளில் மொட்டை மாடியில் நிற்கிறாள். பக்கத்தில் போனால், "தாத்தா, தள்ளி நில்லுங்க. வெயிலை மறைக்கீங்க" என்கிறாள். வேறு பேச்சு என்னோடு கிடையாது. தள்ளி நிற்கிறேன்.

சகோதரரே, உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வயிறு நிறையச் சோறு போடுங்கள். ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், கட்டாயம் காட்டுவார். யாரைக் காட்டுவார் என்று மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள்.

போன மாதம் பெண்கள் கூட்டத்தில் ரூபி சாட்சி சொன்னாளாம். 'ஆண்டவர் என் வாயைத் திறந்தார்' என்றாளாம். எல்லோரும் அழுதீர்களாம். என் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. மண்டியில் பேசியே ஜெயித்தவன் நான். எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா? அன்றைக்கு நான் வாயை மூடியிருக்காவிட்டால் அவள் பேச்சு எங்கே எடுபட்டிருக்கும்? சபைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கால் முறிந்ததில் என் பங்கை நானே எழுதிவிட்டேன். அதே கால் எழுந்து நடந்ததில் என் பங்கை நீங்கள் எழுத வேண்டும்.