ஐந்தருவியில் லினக்ஸ் சொன்ன முதுகு

தென்காசி வட்டாரத்தில் லினக்ஸ் லேப்டாப் மக்கர் பண்ணினால் எல்லாரும் என்னைத்தான் தேடி வருவார்கள். சும்மா சொன்னேன். ஒரு ஈ கூட வராது. நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் இன்றைக்கும் தகராறு இருக்கிறது. குற்றாலம் ஐந்தருவியில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். நான் தொட்டால் எந்த லேப்டாப்பும் வழுக்கிக்கொண்டு கீழேதான் போகும்.

இது நடந்தது போன சீசனில், ஆனி மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் மனைவிக்கு ஊர் வாசுதேவநல்லூர். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் படித்து பி.ஏ. தமிழ் முடித்தவள். எங்கள் வீட்டில் மொத்தம் இருக்கிற படிப்பு அவளுடையதுதான். பள்ளிக்கூடங்களில் வேலை கேட்டால் பி.எட். எங்கே என்றார்கள். கடைசியில், வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். ஃபோனில் எடுக்கக் கூடாது, லேப்டாப்பில்தான். ஒரே வாய்ப்பு. விட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

லேப்டாப் இருந்தது. பட்டாளத்தில் இருக்கும் என் மைத்துனன் லீவில் வந்தபோது தன் பழைய லேப்டாப்பை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். விண்டோஸ் போட்டால் ஆமை மாதிரி நகர்கிறது என்று லினக்ஸ் போட்டிருந்தான். அவள் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவள் அடுப்படியில் இருந்த நேரம், திறந்து கிடந்த லேப்டாப்பில் ஒரு பெட்டி எழுந்து நின்று என்னவோ கேட்டது. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் பளிச்சென்று ஒரு பொத்தான் தெரிந்தால் அமுக்க வரும். அமுக்கினேன். அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. எங்கள் பக்கம் சாரல் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். போனது. பேட்டரியோ, பிளக்கைப் பிடுங்கினால் கண்ணை மூடிவிடுகிற ஜாதி. லேப்டாப்பும் போனது.

கரண்ட் வந்ததும் போட்டால், முதலில் கம்பெனிப் படம் வந்தது. அப்புறம் இருட்டு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் செய்தேன். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று திருப்பிப் போட்டு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் வெளியே வந்தாள்.

"இஞ்சேருங்க, இதுல என்னத்தத் தொட்டீக?"

"நான் எங்கன தொட்டேன்? அதுவா கேட்டுச்சு. சரின்னேன்."

"கேட்டா சரின்னுருவீகளா? என்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படித்தான தலைய ஆட்டுனீக?"

அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மைத்துனனுக்கு ஃபோன் போட்டோம். அவன் இருந்த மலையில் டவர் இல்லை. தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரிப்பேர்க் கடைக்காரர், "லினக்ஸா அண்ணாச்சி? எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் புதுசா போடணும். திங்கக்கிழம வாங்க" என்றார். அழித்தால் அவள் தயார் செய்து வைத்திருந்த பாடமும் போய்விடும். திரும்பி வந்தேன். அவள் அதற்குள் ஃபோனில் ஏதேதோ வீடியோ பார்த்து, லேப்டாப்பைப் போடுகிற நேரத்தில் ஒரு வார்த்தையைச் சேர்த்து அடித்து எப்படியோ படத்தை வரவழைத்துவிட்டாள். வந்த படம்தான் சரியில்லை. எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி ஊதிப் போய், பாடத்தில் பாதி திரைக்கு வெளியே கிடந்தது. அணைத்துப் போட்டால் மறுபடியும் இருட்டு, கோடு. படமே ஒழுங்காக இல்லை, சத்தம் வருகிறதா என்று யார் பார்த்தார்கள்?

"வேண்டாம்ளா, விட்டுரு. வேற வேலை வராமலா போயிரும்?" என்றேன்.

"நீங்க விடுங்க. நான் விட மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் கூட்டம் என்றால் கூட்டம். தார்ப்பாய் கட்டி மறைத்த என் இடத்தில், பலகை மேல் ஆள் மாற்றி ஆள் படுத்துக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் பாலிதீன் பையில் சுற்றிய லேப்டாப்புமாக வந்து நின்றாள் என் மனைவி. சுற்றிலும் சாரல்.

"ஏளா, இத ஏன் இங்கன கொண்டாந்த? தண்ணி பட்டா அதுக்கும் சேத்துக் காரியம் பண்ணணும்!"

"உங்கட்டப் படுக்கவுகள்ல பாதிப் பேரு கம்ப்யூட்டர்காரகன்னு வீட்ல வந்து பெருமையடிக்கீகள்லா? ஒருத்தர்ட்டயாவது கேளுங்க. கேக்காம நான் போவ மாட்டேன்."

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் பஜ்ஜிக் கடை. அங்கே பிளக் இருந்தது. கடைக்கார அக்கா பெஞ்சைத் துடைத்து இடம் கொடுத்தாள். மனைவி அங்கே உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம் முதுகுக்கு முதுகு விசாரணையைத் தொடங்கினேன்.

முதல் முதுகு பேங்க். இரண்டாவது முதுகு சாஃப்ட்வேர்தான். ஆனால், "அதத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கண்ணே" என்றது. அதற்கு முழங்கை வைத்து ஓர் அழுத்து அழுத்தி அனுப்பினேன். மூன்றாவதாகப் படுத்தவர் செங்கோட்டை தாண்டி, கொல்லம் பக்கத்து மலையாளி. முகத்தைச் சரியாகக் கூடப் பார்க்கவில்லை. வந்ததும் குப்புறப் படுத்துவிட்டார். இடது தோள்பட்டைக்குக் கீழே கல் மாதிரி ஒரு முடிச்சு. ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்காருகிற ஆளுக்குத்தான் அந்த முடிச்சு விழும்.

"சாரே, லினக்ஸ் தெரியுமா?"

"சேட்டா... எண்ணெ தேய்க்கிறப்போ இது கேட்டது நீங்க மட்டும்தான்" என்று பலகைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தெரியும். எந்து பற்றி? என்ன ஆச்சு?"

நாலு மணி வகுப்பு உட்பட விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து பார்க்கிறேன் என்றார். உடம்பில் இருந்தது ஒரு கோவணத்துண்டும் கால் லிட்டர் எண்ணெயும். அந்தப் பக்கம் இருப்பதோ என் பெண்டாட்டி. படுங்கள் சாரே என்று அமுக்கிவிட்டேன்.

இப்படியாக வைத்தியம் ஆரம்பமானது. தெரிந்தவருக்குத் திரை தெரியாது. திரையைப் பார்க்கிறவளுக்கு விஷயம் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சேதி சொல்ல வேண்டிய எனக்கு ரெண்டும் தெரியாது. கையை எடுத்தால் அவருக்குக் குளிரும் என்பதால் தேய்த்துக்கொண்டே கத்தினேன்.

"ஏளா! போட்ட உடனே ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே இருக்கணுமாம்!"

"அமுக்கியாச்சு... ஏதோ லிஸ்ட் வருது!"

"அதுல ரெண்டாவது இருக்கும்லா, அதுக்குள்ள போ! உள்ள போனா மேல புதுசு இருக்கும், கீழ பழசு இருக்கும். பழசத் தொடு!"

அந்தப் பக்கத்துக்குக் காதைக் கொடுத்தேன். கை தானாக இறுகியிருக்கிறது.

"சேட்டா! கழுத்து! என்டெ கழுத்து!" என்று முதுகு அலறியது.

அதே நேரம் அந்தப் பக்கமிருந்து, "வந்துட்டு! படம் நல்லா வந்துட்டு! எழுத்தெல்லாம் சின்னதா அழகா வந்துட்டு!" பஜ்ஜிக் கடை அக்காவும் சேர்ந்து கத்தினாள். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

அவர் விடவில்லை. சனிக்கிழமை கரண்ட் போய்ப் பாதியில் நின்றுபோன அந்தப் புதுப்பிக்கிற வேலையை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவையும் இருட்டுதான் வரும் என்றார். ஓர் ஆணையை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் அதைக் கத்தினால் வேறு ஏதோ மாதிரி போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் பொறுமை இழந்து என்னை விட்டுவிட்டு நேராக அவரிடமே பேச ஆரம்பித்தாள். அவர் ஒரு எழுத்துச் சொல்வார். அவள் திருப்பிச் சொல்லி, "சரியா சார்? அடுத்தது?" என்பாள். அருவி இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் துல்லியமாக வந்தது. ஒரு தடவை மட்டும் தடுமாறினாள்.

"பாஸ்வேர்டு கேக்கு. அடிக்கேன், ஒண்ணுமே விழ மாட்டேங்கு சார்!"

"பேடிக்கண்டா, பயப்படாதீங்க டீச்சர். அடிக்கிறது திரையில காணாது. அங்ஙனெதான். அடிச்சிட்டு எண்டர் தட்டினா மதி, போதும்."

டீச்சர் என்றார். யாரும் அவளை அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து, "சரி சார்" என்றாள்.

ஓடி முடிந்தது. அணைத்துப் போட்டாள். தானாக வந்தது. அவள் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவர் அருவிக்குக் கிளம்பினார். நான் ஏதோ நானே சரிசெய்த மாதிரி பக்கத்துப் பலகைக்காரனிடம் காலரைத் தூக்கிவிட்டேன். அப்போது நான் சட்டை போட்டிருக்கவில்லை.

அடுத்த ஆளுக்குக் கால் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"ஏங்க... சத்தம் வரல." வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். "பாட்டுப் போட்டாலும் வரல, எதுவும் வரல. பிள்ளைக பேசுறது எனக்கு எப்படிக் கேக்கும்?"

அருவிப் பக்கத்தில் வைத்துச் சரிசெய்திருக்கிறோம். அந்த இரைச்சலில் லேப்டாப் ஊமையாக இருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. உலகத்திலேயே சத்தம் இருக்கிறதா என்று பார்க்க முடியாத ஓர் இடத்தில் வைத்து வைத்தியம் பார்த்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

"இரு. ஃபோன வைக்காத" என்று சொல்லிவிட்டு, படுத்திருந்தவரிடம், "கொஞ்சம் ஊறுங்க சார், உடம்புக்கு நல்லது" என்று சொல்லி, ஃபோனைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆண்கள் குளிக்கிற பக்கம் நூற்றுக்கணக்கில் தலை. எல்லாம் நனைந்த தலை. யாரென்று தேடுவது? பேர் தெரியாது. முகம் தெரியாது. அப்புறம்தான் புத்தி வந்தது. முகம் எதற்கு? நான் பார்த்தது முதுகை அல்லவா. முகங்களை விட்டுவிட்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "ஏலே, லைன்ல வால! எங்கன உள்ள பூருத?" என்று விசிலை ஊதினார். ஓர் ஆளின் தோளைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. இல்லை. இன்னொருவர், "என்ன அண்ணாச்சி, ஓசியில மசாஜா?" என்றார். அருவியின் மூன்றாவது கிளைக்குக் கீழே ஒரு முதுகு. இடது தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலை வைத்தேன். கல் மாதிரி முடிச்சு.

"சாரே! சவுண்டு வரல!"

"எந்து?"

"சவுண்டு!"

"கேக்கலை சேட்டா!"

"அதத்தான் சாரே நானும் சொல்லுதேன், கேக்கல!"

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, கொஞ்சமும் கோபம் இல்லாத முகம். இரைச்சல் குறைந்த இடம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். ஈரக் கையோடு என் ஃபோனை வாங்கி, "டீச்சர், செட்டிங்ஸில் சவுண்ட் நோக்கு. அவுட்புட் எவிடெ இருக்கு? ஹெச்டிஎம்ஐயா? அது டிவிக்குப் போறது. ஸ்பீக்கர்னு ஒண்ணு உண்டு, அது தொடு" என்றார். புதுசு போட்ட பிறகு சில சமயம் அது தானாகவே இடம் மாறிவிடுமாம்.

ஃபோனை நான் காதில் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் 'டிங்' என்று ஒரு சின்ன மணிச் சத்தம். அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நன்றி சொல்லத் திரும்பினால், வீட்டு ஆட்கள் கூப்பிட்டார்கள் என்று அவர் மறுபடியும் அருவிக்குள் போய்க்கொண்டிருந்தார்.

அவசரத்தில் அவள் ஃபோனை அணைக்க மறந்துவிட்டாள். நாலு மணிக்கு ஃபோனை எடுத்துப் பார்த்தபோதும் இணைப்பு இருந்தது. மரத்தடியில் போய் நின்று காதில் வைத்தேன். ஒரு குழந்தைக் குரல், "வணக்கம் டீச்சர்" என்றது. அவள், "வணக்கம், உன் பேரு என்ன கண்ணு?" என்றாள். சாப்பிட வாங்க, அரிசி தீர்ந்துபோச்சு என்று அத்தனை வருஷம் என்னோடு பேசிய தொண்டைதான் அது. அந்தக் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். வேலை கிடைத்து, இப்போது வகுப்புக்கு மேல் வகுப்பு எடுக்கிற அவளுக்கு நிற்க நேரமில்லை. ஃபோனில் நான் தட்டுகிற இதில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டியவள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு அந்தக் குழந்தை அவளிடம் முதல் கேள்வியாக என்ன கேட்டது என்றால்...

"அண்ணாச்சி! எண்ணெய ஊத்திட்டு ஃபோன்ல என்னத்த நோண்டுதீக? வாரீகளா, நான் குளிக்கப் போவட்டா?"

இதோ பலகையிலிருந்து கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். இத்தனை சீசனும் முதுகுகளை மட்டுமே பார்த்துப் பிழைத்தவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, பலகையில் யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசாமல் என் கை எண்ணெயைத் தொடுவதில்லை.