ஒட்டாத தண்டவாளம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி போர்வை மடித்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் காலை நீட்டி உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை ரயில் பிடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் பாதியை அடைத்தபடி, ஒரு தாழ்வான மேசைமேல் கதவளவுக்குத் தெர்மாகோல் போன்ற ஒரு ஃபோம் பலகை. அதன்மேல் பொம்மை ரயிலின் தண்டவாளம், பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும்.

காலமெல்லாம் பஸ் ஓட்டிய கணவர், ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாக ஆரம்பித்த வேலை அது. பசைக்குழாயைப் பிடித்த கையோடு ஒருநாள் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்தது, வலது கை மட்டும் திரும்பி வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார். தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தூசி தட்டத் தெம்பும் இல்லை.

ஒரு விடுமுறை நாளில், எப்படியாவது இது முடிந்து தொலைந்தால் போதும் என்ற அலுப்பில் பலகையோரம் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, என்ன பண்ணணும்?"

"வேணாம் விடு. நீயே ஓஞ்சு போய் வர்ற."

"அதான் சீக்கிரம் சொல்லுங்கங்கறேன்."

அவர் வாய் திறப்பதற்குள், செருப்பு ஒட்டும் பசையை எடுத்துத் தாராளமாகப் பூசிவிட்டாள். பசை பட்ட இடமெல்லாம் ஃபோம் கரைந்து குழி விழுந்தது. தண்டவாளம் அதற்குள் சாய்ந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அவரோ வாய் ஒரு பக்கம் கோண, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அடிப்பாவி! ரயிலுக்குக் கிணறு வெட்டிட்டியே!"

நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்த பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை, இடுப்பு அப்படி வலித்தது.

கரைந்ததை வெட்டியெடுத்து வேறு துண்டு வைத்து அடைத்தாள். இந்த முறை மரவேலைக்கான வெள்ளைப் பசை.

"மெலிசா தடவு. பிதுங்கி வரக்கூடாது. வளைவுல குண்டூசி குத்து, காஞ்சதும் பிடுங்கிக்கலாம். மேல கனமா ஏதாவது வை."

பெயிண்ட் டப்பா, இஸ்திரிப் பெட்டி, அவருடைய பழைய பூட்ஸ் எல்லாம் தண்டவாளத்தின்மேல் ஏறின. கோணல் இருக்கிறதா என்று பார்க்கக் கன்னத்தைப் பலகையில் வைத்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்ததும் இருவருமாகப் பாரத்தையெல்லாம் எடுத்தார்கள். தண்டவாளம் அசையவில்லை. ரயிலை விட்டால், தடம் பிரியும் இடத்தில் போய்க் கவிழ்ந்தது. அங்கே பசை கசிந்து, தடம் மாற்றுவதற்காக நகர வேண்டிய கம்பி ஒட்டி இறுகியிருந்தது.

"இனிமே என்னால குனிய முடியாதுங்க," என்று சோபாவில் படுத்துவிட்டாள்.

நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் சின்னக் கத்தியை இடது கையில் பிடித்துச் சுரண்டத் தொடங்கினார். கத்தி நழுவி விழுந்தது. எழுந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை. அவர் யாரையோ திட்டிக்கொண்டு, மேசைக்காலைப் பிடித்துத் தானே குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது, மறுபடி எடுத்தார். அரைக்கண்ணால் அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

வெகுநேரம் கழித்து, வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம்.

"ஏய், ஓடுது பாரு!"

"காதுல விழுது. ஓடட்டும்," என்று சொல்லிவிட்டுக் காலுக்கடியில் ஒரு தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.