சக்கரம் வைத்த மீன்பிடி வீடு

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. தூண்டில் முள்ளில் புழுவைக் கோக்கச் சொன்னால் புழுவிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். இப்படிப்பட்டவன் கல்யாணமான புதிதில், மீன் பிடிப்பதற்கென்றே சக்கரம் வைத்த வீடு ஒன்றைக் கட்டினேன் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கோளாறு கள்ளக்குறிச்சி நூலகத்தில் தொடங்கியது. பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், மின்விசிறிக்காக நூலகம் போய்க்கொண்டிருந்த காலம். அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அந்தப் படங்களைப் பார்த்தேன். குளிர் நாட்டில் ஏரி உறைந்து கல்லாகிவிட்டிருக்கிறது. அதன் மேல் ஒரு பெட்டி வீடு. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். அடுத்த படத்தில் வீட்டின் உள்பக்கம். தரையில் ஓர் ஓட்டை, அதற்கு நேர் கீழே பனியிலும் ஓட்டை, அதற்குள் தூண்டில். ஓட்டைக்கு இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் மனைவி. என்னவோ பேசிச் சிரிக்கிறார்கள். அவர்கள் பிடித்த மீன் என் கண்ணில் படவில்லை. சாத்தியிருந்த கதவு பட்டது.

எங்கள் வீட்டில் அப்போது அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், என் தங்கைகள் என்று ஒரு பஸ்ஸுக்கான கூட்டம். ஆண்கள் வாசலில் படுப்போம், பெண்கள் கூடத்தில். கதவு உள்ள ஒரே அறை உள்ளறை. அதில் நெல் மூட்டைகள் குடியிருந்தன. திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் மனைவி, கல்யாணமாகி அதுவரை என்னிடம் பேசியதில் நீளமான வாக்கியம் ‘தண்ணி வெளாவி வச்சிருக்கேன்’ என்பது. அதற்கே கூடத்திலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்கு ஓர் அறை வேண்டும் என்று அம்மாவிடம் எப்படிக் கேட்பது? அதைவிட ஒரு வீட்டைக் கட்டி கோமுகி அணைக்கு இழுத்துப் போவது சுலபமாகத் தெரிந்தது. படித்தவன் யோசனை.

கைச்செலவு அதிகம் இல்லாமல் கட்டினேன். அடியில் பழைய டயர் வண்டியின் இரும்பு அச்சு. சுவருக்கு மலையிலிருந்து இறங்குகிற மூங்கிலைப் பிளந்த தட்டி. பலகைத் தரையில், பத்திரிகையில் இருந்த மாதிரியே ஒரு சதுர ஓட்டை. எண்ணெய் டின்களை வெட்டித் தட்டி ஒரு கதவு. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள். கூரைக்கு எங்கள் களத்திலேயே தை அறுப்பின் புது வைக்கோல் கிடந்தது. ஓலை வாங்குவானேன் என்று அதையே தடிமனாக வேய்ந்தேன். அணையில் பனி இல்லை என்பதும், கரையில் நிறுத்தினால் ஓட்டைக்குக் கீழே மண்தான் இருக்கும் என்பதும் கட்டி முடித்த பிறகு உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

டிராக்டர், பெரியப்பா மகன் அண்ணனுடையது; ஓட்டியதும் அவரே. மீன் ஆய ஆள் வேண்டும் என்று சொல்லி மனைவியையும் ஏற்றிக்கொண்டேன். காலையில் புறப்பட்டோம். ரோட்டில் பஸ் இல்லை, லாரி இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. அதை என் வீட்டுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எந்த ரோட்டில் எந்த நாள் மறியலுக்கு மரம் விழும் என்று தெரியாது. பாதி தூரத்தில், ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன் மேல் பத்துப் பதினைந்து பேர். அண்ணன் டிராக்டரைத் திருப்ப யோசிப்பதற்குள் பின்னாலும் ஒன்று சாய்ந்தது.

“இன்னாபா இது, தேரா?” என்றார் மரத்தின் மேலிருந்த ஒருவர்.

“வூடு” என்றேன்.

“வூட்ட இஸ்துகினு எங்க போறே?”

“மீன் புடிக்க.”

கூட்டம் கோஷத்தை விட்டுவிட்டு என் வீட்டையே எட்டிப் பார்த்தது. “ஒனக்கு வேல கெடைக்கணும்னுதான்யா நாங்க ரோட்ல குந்திகினு கீறோம். நீ வூட்டோட மீனுக்குப் போறியா?” என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

அண்ணன் கொக்கியைக் கழற்றினார். “டேய், டிராக்டரு வாய்க்கால்ல எறங்கிடும், வூடு எறங்காது. சாயங்காலம் வரேன். அதுவரிக்கும் வூட்லயே இருங்க” என்று வயலில் இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். ஓட்டையில் கால்களைத் தொங்கவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். கீழே தார் ரோடு. மாதக்கணக்கில் காத்திருந்த நேரம் வந்தே விட்டது. தாழ்ப்பாளை இன்னொரு தரம் சரிபார்த்தேன்.

அப்போதுதான் கூரையில் சரசரவென்று சத்தம். வெளியே வந்தால், ஒரு வெள்ளைக் காளை என் கூரையின் ஓரத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. ஆலைக்குத் தோகை கழித்த கரும்பு ஏற்றிய வண்டிகள் முந்தின நாளிலிருந்து புளியமரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றன. மாடுகளுக்கு விலா தெரிந்தது.

வண்டிக்காரர் ஓடிவந்து காளையை இழுத்தார். என்னைப் பார்த்துப் பயன் இல்லை என்று தெரிந்ததோ என்னவோ, பின்னாலேயே வந்த என் மனைவியிடம் கேட்டார். “யம்மா, ஒரே ஒரு புடி உருவிக்கட்டுமா? நேத்துலேந்து வெறும் வாயோட நின்னுகினு கீது.”

“கூரையாச்சே” என்றேன் நான்.

“மழையா பெய்யுது?” என்றாள் அவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். முதல் பிடியை அவளே உருவிப் போட்டாள்.

ஒரு பிடியோடு நிற்குமா? எல்லா வண்டிக்காரர்களும் வந்தார்கள். மரத்தின் மேலிருந்தவர்களும் இறங்கி வந்து பிரித்துக் கொடுத்தார்கள். நானும் ஏறினேன். அவள் உருவித் தர, நான் கீழே போட்டேன். நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை, என் வீட்டைப் பிரித்ததுதான். மதியத்துக்குள் என் மீன்பிடி வீட்டின் கூரை நான்கைந்து ஜோடி மாடுகளின் வயிற்றில் இருந்தது.

திரும்ப உள்ளே உட்கார்ந்தோம். தலைக்கு மேல் வானம். வெயில் முகத்தில் அடித்தது; முந்தானையை இருவருக்கும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு பேசினாள். பள்ளிக்கூடம், அவள் தம்பி, எங்கள் வீட்டுக் குழம்பில் புளி ஜாஸ்தி என்பது வரை எல்லாவற்றையும் பேசினாள். நடுவில் சாதாரணமாகச் சொன்னாள், “எனக்கு மீனே ஆகாதுங்க. வாடை பட்டாலே கொமட்டும்.”

“அப்புறம் ஏன் வந்தே?”

தகரக் கதவைப் பார்த்தாள். “கதவு வச்சிருந்தீங்களே.”

சாயங்காலம் அண்ணன் டிராக்டரோடு வந்ததும், பின்னால் கிடந்த மரத்தை மட்டும் ஓரமாகப் புரட்டி எங்களை விட்டார்கள். வண்டிக்காரர்கள்தான் சிபாரிசு. கூரை இல்லாத வீடும் நாங்களும் வீடு வந்து சேர்ந்தோம். மீன் எங்கே என்று அம்மா கேட்கவில்லை. எலும்புக்கூட்டைச் சுற்றி வந்தாள்.

“இத்த இன்னாத்துக்குடா கட்னே?”

நான் செருப்பைப் பார்த்தேன். என் மனைவிதான் மெதுவாகச் சொன்னாள், “கதவுக்குத்தான், அத்தே.”

மறுநாள் விடிந்ததும் அம்மா என் கூடப்பிறந்த அண்ணனை எழுப்பி உள்ளறை மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னாள். கூட்டிப் பெருக்கி, பாயைப் போட்டுவிட்டு, துடைப்பத்தோடு என் எதிரே வந்து நின்றாள்.

“வாயத் தொறந்து கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே. இதுக்கு இன்னாத்துக்குடா சக்கரம்?”