மூன்றாவது வகையில் இருந்த என் கணவர்

எங்களுக்காக வேண்டிக்கொண்ட, எங்கள் பங்கின் அன்பிய ஜெபக்குழுக் குடும்பங்கள் எல்லோருக்கும் ஜெயமேரி எழுதுகிறேன். ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை என் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை ஏழு நாற்பது. என் கணவர் சூசைராஜ் ஆலங்குடியில் உள்ள தன் மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டும்போது, "தலை ஒரு மாதிரியா இருக்கு மேரி" என்றார். அடுத்த வார்த்தை குழறியது. வாசற்படியிலேயே சரிந்தார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. இரத்த அழுத்த மாத்திரையைச் சில நாட்களாக விட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைத்தண்டில் இரத்தக்கசிவு என்றார்கள். அங்கிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மாலைக்குள் அவர் வெண்டிலேட்டரில் இருந்தார்.

மறுநாள் நரம்பியல் மருத்துவர் என்னை உட்காரவைத்துப் பேசினார். ஒரு தாளில் மூளைத்தண்டை வரைந்து காட்டினார். "இரத்தம் எந்த எடத்துல கசிஞ்சிருக்கு, எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு பாத்து நாலு வகையாப் பிரிப்போம்மா. முதல் வகைதான் ரொம்ப மோசம். நாலாவது வகை சின்னதா ஒரு ஓரமா இருக்கும், பெரும்பாலும் பொழச்சிருவாங்க. உங்க வீட்டுக்காரருக்கு மூணாவது. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

நான் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். எதையும் அளந்து எழுதிப் பழகியவள். அன்று நாட்குறிப்பில் நான்கு கட்டங்கள் வரைந்து, மூன்றாவதில் பென்சிலால் குறியிட்டேன். ஆண்டவர் அழிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பேனாவைத் தொடவில்லை. "இவரை நாலாவது வகைக்கு மாற்றும்" என்று அன்றிலிருந்து ஜெபித்தேன். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் இரண்டாவது ஸ்கேன். கசிவு பெரிதாகவில்லை, குறையவும் இல்லை. அதே மூன்றாவது வகை. வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பென்சில் குறியின்மேல் பேனாவால் எழுதினேன். அன்று ஜெபமாலை சொல்லவில்லை. சொல்லாமல் படுத்த முதல் நாள் அதுதான் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறாம் நாள் மயக்க மருந்தை நிறுத்தினார்கள். கண் லேசாகத் திறந்தது, ஆனால் கை கால் எதுவும் அசையவில்லை. தினமும் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். அந்தப் பத்து நிமிடமும் நான் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "அமுக்குங்க, ஒரு தடவை அமுக்குங்க" என்று கெஞ்சினேன். விரல்கள் அப்படியே கிடந்தன.

எட்டாம் நாள் அவருடைய அக்கா, என் மதினி செபஸ்தியம்மாள், என்னை ஓரமாக அழைத்துப் போனார். பங்குத்தந்தை வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன கையோடு இந்தப் பேச்சு.

"மேரி, எந்தம்பிய வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்."

"டாக்டர் இன்னும் கைவிடலயே மதினி."

"வாயில, மூக்குல குழாயப் போட்டு அவன் என்ன பொருட்காட்சியா? உசுரு போனா வீட்டுல போகட்டும். நான் வண்டி சொல்லிட்டேன். நாளைக்கு மத்தியானம் வரும். நீ கையெழுத்துப் போட்டா சரி."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்த எட்டு நாளில் அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவேயில்லை. அவர் சொல்வது சரியா, என் பிடிவாதம் சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மருத்துவமனையின் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எட்டு நாளாக நான் ஒரு ஸ்கேன் படத்துக்காக ஜெபித்திருக்கிறேன் என்பது அங்கேதான் உறைத்தது. உள்ளே படுத்திருந்த மனிதரை நான் ஒன்றுமே கேட்கவில்லை. "ஆண்டவரே, வகை எதுவாகவும் இருக்கட்டும். இவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை மட்டும் தெரிவியும்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம்.

ஒன்பதாம் நாள், காலை பதினொரு மணி. உள்ளே போனதும் விரலைப் பிடிக்கவில்லை, கெஞ்சவில்லை. நாட்குறிப்பை எடுத்து, நடந்ததை வாசித்துக் காட்டினேன். கடைக்கு இரண்டு மோட்டார் வந்திருப்பது. அரிமளத்துச் சித்தப்பா வந்து பார்த்தது. அடுத்த வரி: "மதினி காலையில் வாசல் செக்யூரிட்டியுடன் சண்டை போட்டார்."

வீட்டில் அக்காவின் சண்டைப் பேச்சு வந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கண்ணை மட்டும் உயர்த்தி விட்டத்தைப் பார்ப்பார். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த பார்வை. அன்றும் அவர் கண்கள் மேலே போயின. மெதுவாகத்தான் போயின. ஆனால் போயின.

வரியைத் திரும்ப வாசித்தேன். மறுபடியும் மேலே பார்த்தார்.

செவிலியர் ஓடிப்போய் மருத்துவரை அழைத்துவந்தார். அவர் குனிந்து, "ஆமான்னா மேல பாருங்க, இல்லன்னா கீழ பாருங்க. உங்க பேரு சூசைராஜா?" என்றார். மேலே. "உங்க பேரு முருகேசனா?" கீழே. அப்புறம் மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "உணர்வு முழுசா இருக்கும்மா. நாம பேசுறதெல்லாம் அவருக்குக் கேக்குது. நீங்க கேக்கவேண்டியதக் கேளுங்க."

மதினியையும் உள்ளே விட்டார்கள். நான் கேட்டேன்: "வண்டி வருது. வீட்டுக்குப் போயிரலாமாங்க?"

கீழே பார்த்தார்.

"இங்கேயே இருந்து வைத்தியம் பாக்கணுமா?"

மேலே பார்த்தார். கண்ணைக் கீழே கொண்டுவரவே இல்லை, அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்.

மதினி அவர் நெற்றியைத் தடவினார். "ஏன்டா, அக்காவப் பத்திக் கோள் சொன்னாத்தான் ஒனக்குக் கண்ணு அசையுமா?" என்றார். அழுதுகொண்டே வெளியே போய், வண்டிக்காரருக்கு போன் போட்டு வரவேண்டாம் என்றார். அதிலும் ஒரு சண்டை நடந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. இருபத்தாறாம் நாள் வெண்டிலேட்டரை எடுத்தார்கள். நாற்பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இடையில் நிமோனியா வந்து இரண்டு நாள் மிகவும் பயந்தோம். இன்று அவர் வாக்கரைப் பிடித்து நடக்கிறார். பேச்சு இழுத்து இழுத்து வரும். எல்லாம் இரண்டாகத் தெரிவதால் ஒரு கண்ணை மறைத்துக்கொள்கிறார். வலது கை இன்னும் சரியாக வராததால், கடையில் உட்கார்ந்து, வேலை செய்கிறவர்களுக்கு இடது கையால் சைகை காட்டிச் சொல்லித்தருகிறார். இடது கையால் என்னைத் திட்டவும் செய்கிறார். மாத்திரையை நான் எண்ணிக் கொடுக்கிறேன்.

மருத்துவர் சொன்ன வகை பொய்யாகவில்லை. போன மாதப் பரிசோதனையிலும், "அதே மூணாவது வகைதாம்மா. அந்த வகையிலயும் சிலர் எழுந்து வாராங்க, அதுல இவரு ஒருத்தர்" என்றார். அந்த மருத்துவரையும் செவிலியர்களையும் ஆண்டவர் ஆசீர்வதிக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறேன். நான் கேட்டபடி ஸ்கேனை ஆண்டவர் மாற்றித் தரவில்லை. என் கணவரின் விருப்பத்தை அவர் கண்ணாலேயே எனக்குச் சொல்லவைத்தார். அதனால்தான் அன்று நான் தவறான தாளில் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது பேச முடியாமல் படுத்திருக்கலாம். பயப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள். அன்றாடம் நடப்பதைச் சொல்லுங்கள். வைத்தியத்தை விடாதீர்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் அன்பியம் கூடுகிறோம். வந்து கலந்துகொள்ளுங்கள். வர முடியாதவர்கள் ஒரு துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள். நோயின் வகை வேண்டாம். படுத்திருப்பவருடைய பெயரை மட்டும் எழுதுங்கள், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம்.